பி வீடு, எக்ஸ் வீடு: போலியோ நாளில் வந்திறங்கிய ரோட்டரிக்காரர்கள்

உத்தரப் பிரதேசத்தின் மேற்கு மாவட்டங்களில் போலியோ ஒழிப்பு மும்முரமாக நடந்த ஆண்டுகளில், ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் ஒரு காட்சி பழகிப்போயிருந்தது. சந்து முனையில் ஒரு மேசை. மேலே மஞ்சள் பதாகை. பெட்டிக்குள் ஐஸ் பொதிகளுக்கு நடுவே சொட்டு மருந்துக் குப்பிகள். மேசைக்குப் பின்னால் உள்ளூர்ப் பெண்கள் இரண்டு பேர். அவர்களுக்குப் பக்கத்தில் மஞ்சள் அங்கியை மாட்டிக்கொண்டு, வெயிலில் முகம் சிவந்து நிற்கும் ரோட்டரி சங்கத்து வெள்ளைக்காரர் ஒருவர். வயது எப்படியும் அறுபதைத் தாண்டியிருக்கும். ஊரில் ஆடிட்டராகவோ பல் டாக்டராகவோ இருந்து ஓய்வு பெற்றிருப்பார். சொந்தக் காசில் டிக்கெட் எடுத்து வந்திருப்பார். குழந்தையின் கன்னத்தை லேசாக அழுத்தி வாயைத் திறக்க வைத்து இரண்டு சொட்டு, அப்புறம் இடது கைச் சுண்டு விரலில் மை. அடுத்த குழந்தை.

இந்த வேலையைக் கற்றுக்கொள்ள ஐந்து நிமிடம் போதும். பக்கத்தில் நிற்கும் பெண் அதை அவரைவிட வேகமாகச் செய்வார். அப்படியிருக்க, கடல் கடந்து அவர் வந்தது எதற்கு?

சேவை மனப்பான்மை என்று ஒரு வார்த்தையில் பதில் சொல்லி முடித்துவிடலாம். ஆனால் ஒரு தொண்டு சங்கம் தான் பணம் கொடுக்கும் வேலையை வெளிநாட்டுக்குப் போய் நேரில் பார்ப்பது எப்போது பலன் தருகிறது, எப்போது சுற்றுலாவாகக் கரைந்துபோகிறது என்பதை ஆராய இதைவிட நீளமான, நல்லது கெட்டது இரண்டும் தெரிகிற உதாரணம் கிடைப்பது அரிது. நாற்பது ஆண்டுக் கதை. தொடங்கியது இந்தியாவில் அல்ல, பிலிப்பைன்ஸில், மணிலாவுக்குப் பக்கத்தில் இருக்கும் மகாட்டி நகரத்தில்.

மகாட்டி, 1979

ரோட்டரி 1905-இல் சிகாகோவில் பால் ஹாரிஸ் என்ற வக்கீல் தொடங்கிய சங்கம். வியாபாரிகளும் தொழில் செய்பவர்களும் கூடிச் சாப்பிடுவது, பழகுவது, ஊருக்கு ஏதாவது செய்வது. அவ்வளவுதான் அதன் அடிப்படை. ஒரு கிளப் தன் ஊர்ப் பள்ளிக்கு பெஞ்சு வாங்கித் தரும், இன்னொன்று ஆஸ்பத்திரிக்குக் கட்டில் கொடுக்கும். உலகத்து கிளப்புகள் எல்லாம் சேர்ந்து ஒரே வேலையில் இறங்குவது என்ற எண்ணம் 1978-79-இல் தலைவராக இருந்த ஆஸ்திரேலியர் கிளெம் ரெனூஃப் காலத்தில்தான் உருப்பெற்றது. பெரியம்மை ஒழிந்த கதையை விமானத்தில் ஒரு பத்திரிகையில் படித்த ரெனூஃப், அமெரிக்க ரோட்டரிக்காரரும் தொற்றுநோய் ஆய்வாளருமான ஜான் செவரிடம், நம்மால் இப்படி ஒன்று முடியுமா என்று கேட்டார். ஒரே ஒரு தடுப்பு மருந்தைத்தான் எடுப்பதென்றால் போலியோவை எடுங்கள் என்றார் செவர். சங்கத்துக்காரர்களுக்கு அதில் பெரிய வசதி ஒன்று இருந்தது. ஊசி வேண்டாம், வாயில் சொட்டு விட்டால் போதும். வெள்ளைக் கோட்டு போடாதவரும் கைகொடுக்கலாம்.

1979 செப்டம்பர் 29 அன்று, மகாட்டியில் குவாடலூப்பே வியெஹோ என்ற பகுதியின் சுகாதார நிலையத்தில், ரெனூஃபுக்கு அடுத்து தலைவரான ஜேம்ஸ் போமர் ஒரு குழந்தையின் வாயில் முதல் சொட்டுகளை விட்டார். அந்தக் குழந்தையின் அண்ணன் போமரின் காற்சட்டையைப் பிடித்து இழுத்து நன்றி சொன்னான் என்று ரோட்டரி தன் வரலாற்றில் எழுதி வைத்திருக்கிறது. அழகான கதை. மேடைகளில் இன்றும் சொல்கிறார்கள்.

அதே நாளில் நடந்த இன்னொன்று அவ்வளவாக மேடை ஏறுவதில்லை. போமரும் பிலிப்பைன்ஸ் சுகாதார அமைச்சர் என்ரிகே கார்சியாவும் ஒரு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். ஐந்து ஆண்டுகள், சுமார் 60 லட்சம் குழந்தைகள், 7,60,000 டாலர். வகுத்துப் பார்த்தால் ஒரு குழந்தைக்கு ஏறக்குறைய 13 சென்ட்தான் வருகிறது. அவ்வளவு மலிவாக முடிந்ததற்குக் காரணம், வேலையின் பெரும்பகுதி அந்தத் தொகைக்குள் இல்லை. சொட்டு மருந்தைத் தெருத்தெருவாகக் கொண்டுபோனவர்கள் சம்பளம் வாங்கும் அரசு சுகாதாரப் பணியாளர்கள். தாய்மார்களைத் திரட்டியவர்கள் உள்ளூர் மக்கள், உள்ளூர் கிளப்புகள். வெளியிலிருந்து வந்த பணம், ஏற்கெனவே நின்றுகொண்டிருந்த ஒரு வண்டிக்கு ஊற்றிய பெட்ரோல்.

இந்த ஏற்பாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நடந்த நல்லதுக்கும் கெட்டதுக்கும் அதுதான் வேர்.

பிலிப்பைன்ஸ் தந்த தைரியத்தில் 1985-இல் ‘போலியோபிளஸ்’ தொடங்கியது. 12 கோடி டாலர் திரட்டுவது இலக்கு. 1988-க்குள் 24 கோடியே 70 லட்சம் சேர்ந்துவிட்டது. அந்த 1988-இல் உலக சுகாதாரப் பேரவை போலியோவை உலகத்திலிருந்தே ஒழிப்பதென்று தீர்மானம் போட்டது. அப்போது 125 நாடுகளில் போலியோ இருந்தது. ஆண்டுக்கு மூன்றரை லட்சம் பேர், பெரும்பாலும் குழந்தைகள், முடங்கிக்கொண்டிருந்தார்கள்.

இந்தியாவில் ஒரு சுற்று

ஒரே நாளில் ஊர் முழுக்கச் சொட்டு மருந்து கொடுக்கும் முறைக்கு நம் பக்கத்தில் ஒரு வேர் உண்டு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் டி. ஜேக்கப் ஜான் வேலூர் நகரத்தில் இதை நடத்திப் பார்த்து, அதன் பலனை 1983-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியிட்டார். தனித்தனியாக, வந்த நாளில் வந்த குழந்தைக்கு என்றில்லாமல், ஒரே மூச்சில் எல்லோருக்கும் கொடுப்பது. அதற்கு அவர் வைத்த பெயர்தான் ‘பல்ஸ்’. 1994 அக்டோபர் 2 அன்று டெல்லி அரசு அதைச் செய்தது. 1995 டிசம்பரில் நாடு முழுக்க வந்தது.

நடைமுறை இப்படி. ஞாயிறு அன்று பூத். சிறுவர் பட்டாளம் ஒன்று கோஷம் போட்டுக்கொண்டு சந்து சந்தாகப் போய்க் குழந்தைகளை அழைத்துவரும். அதற்கு வடக்கே ‘புலாவா டோலி’ என்று பெயர். திங்கள் முதல் வீடு வீடாக. இரண்டிரண்டு பேராகப் போவார்கள், அதில் ஒருவராவது பெண். இல்லையென்றால் பல வீடுகளில் வாசலைத் தாண்ட முடியாது. அந்த வீட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட எல்லாக் குழந்தையும் சொட்டு வாங்கியாயிற்று என்றால் சுவரில் சாக்பீஸால் ஆங்கில எழுத்து ‘பி’. ஒரு குழந்தை வெளியூர் போயிருந்தாலும், தூங்கிக்கொண்டிருந்தாலும், தாய் மறுத்தாலும் ‘எக்ஸ்’. எக்ஸ் வீட்டுக்குத் திரும்பத் திரும்பப் போக வேண்டும். ரயில் நிலையத்திலும் பேருந்து நிலையத்திலும் தனிக் குழு. ஒவ்வொரு குப்பியின் லேபிளிலும் ஒரு வட்டம், அதற்குள் ஒரு வெளிர் சதுரம். சூடு பட்டால் சதுரம் கறுக்கும். வட்டத்தின் நிறத்துக்கு வந்துவிட்டால் அந்தக் குப்பியைத் தூக்கிப்போட வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் புரியும் இந்தச் சின்ன அடையாளம் எத்தனை லட்சம் குழந்தைகளுக்குச் செத்த மருந்து போகாமல் காத்தது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பு.

தேசியப் போலியோ நாள் ஒன்றில் 17 கோடி குழந்தைகள். கொடுப்பவர்கள் 20 லட்சத்துக்கும் மேல்.

இந்தக் கூட்டத்துக்கு நடுவில்தான் பிரிட்டன், அமெரிக்கா, ஜப்பான் போன்ற நாடுகளிலிருந்து ரோட்டரிக் குழுக்கள் வந்து இறங்கின. வருகை பெரும்பாலும் ஒரே அச்சு. டெல்லியில் இறங்குவது, உள்ளூர் கிளப்பின் மாலை மரியாதை, சனிக்கிழமை ஊர்வலம், ஞாயிறு பூத், திங்கள் வீடு வீடாக. அப்புறம் டெல்லி செயின்ட் ஸ்டீபன்ஸ் மருத்துவமனையில் டாக்டர் மேத்யூ வர்கீஸ் நடத்திவந்த போலியோ வார்டு. கடைசியில், ஏன் மறைப்பானேன், தாஜ்மகால். கையில் விசில், பந்து, பலூன் என்று குழந்தைகளுக்குச் சாமான்கள்.

எண்ணிக்கையில் பார்த்தால் கடலில் கரைத்த பெருங்காயம்தான். அவர்கள் ஒரு நாள் முழுக்க விட்ட சொட்டுகள் இல்லாமலே அந்தச் சுற்று நடந்திருக்கும். என் கணிப்பில், இதுதான் அந்த வருகையின் மிகப் பெரிய பலம். வந்தவர் நாளைக்குப் போய்விட்டாலும் எதுவும் நிற்காது. அவர் செய்யும் வேலையை அவருக்காக யாரும் உருவாக்கவில்லை. ஓடிக்கொண்டிருக்கும் வேலைக்குள் ஒரு காலை நேரம் அவரை நுழைத்துக்கொண்டார்கள். வெளிநாட்டு இளைஞர்கள் வந்து வளைந்த சுவர் கட்ட, இரவில் உள்ளூர்க் கொத்தனார் அதை இடித்து நேராகக் கட்டுகிற சமாச்சாரம் இதில் இல்லை.

அந்த நாலு நாளில் எனக்கு முக்கியமாகப் படுவது பூத்தும் இல்லை, தாஜும் இல்லை, அந்த வார்டு. போலியோவில் வளைந்துபோன காலை அறுவை செய்து, கம்பி வைத்து, மாதக்கணக்கில் நிமிர்த்தும் இடம். அதுவரை தவழ்ந்தே வளர்ந்தவர்கள் கட்டிலில் படுத்திருப்பார்கள். பூத்தில் சிரித்த முகங்களைப் பார்த்துவிட்டு வந்தவருக்கு, எதைத் தடுக்க வந்தோம் என்பது அங்கேதான் உறைக்கும். போலியோவை எப்போதோ துரத்திவிட்ட நாடுகளிலிருந்து வந்தவர்களுக்கு அது மறந்துபோன நோய்.

எக்ஸ் வீட்டுக் கதவு

விருந்தினரை எந்தத் தெருவுக்குக் கூட்டிப்போவார்கள்? நம் வீட்டுக்கு விருந்து வந்தால் எந்த அறையில் உட்கார வைப்போமோ அந்த அறைக்குத்தான். தகராறு இல்லாத தெரு, சிரித்த முகமாக வரும் தாய்மார்கள், ஏற்கெனவே பழக்கப்பட்ட பூத். தப்பில்லை, யாரும் அப்படித்தான் செய்வார்கள். ஆனால் போலியோ அந்தத் தெருவில் இல்லை. எக்ஸ் வீடுகளில் இருந்தது.

2002-இல் இந்தியாவில் 1,600 குழந்தைகள் போலியோவால் முடங்கினார்கள். பெரும்பாலோர் உத்தரப் பிரதேசம். 2006-இல் மறுபடி 676. இத்தனை சுற்று நடந்தும் ஏன்? இரண்டு காரணங்கள் பின்னிக் கிடந்தன. ஒன்று, நெரிசலும் சாக்கடையும் ஓயாத வயிற்றுப்போக்கும் இருக்கும் இடத்தில் சொட்டு மருந்தே சரியாகப் பிடிக்கவில்லை. மற்ற மாநிலங்களில் ஒரு தவணை தரும் பாதுகாப்பில் பாதிகூட உத்தரப் பிரதேசத்தில் கிடைக்கவில்லை என்று ஆய்வில் தெரிந்தது. ஒரு குழந்தைக்குப் பத்துத் தடவை கொடுத்தும் போதாத நிலை. இரண்டாவது, சந்தேகம். நெருக்கடி நிலைக் காலத்துக் கட்டாயக் கருத்தடையை மறக்காத ஊர்கள் அவை. இந்தச் சொட்டு நம் பிள்ளைகளை மலடாக்கும் என்ற பேச்சு முஸ்லிம் குடியிருப்புகளில் பரவியபோது, அதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட முடியாது. காய்ச்சலுக்கு மாத்திரை கேட்டால் தராத அரசாங்கம், சாக்கடையை அள்ளாத நகராட்சி, இந்த இரண்டு சொட்டை மட்டும் மாதா மாதம் வாசலில் கொண்டுவந்து கெஞ்சுகிறதே, ஏன்? கேட்ட தாயின் இடத்தில் நின்று பார்த்தால் நியாயமான கேள்வி.

அப்படிப்பட்ட வாசலில் ஒரு வெள்ளைக்காரர் போய் நின்றால் என்ன ஆகும்? உதவாது என்பது மட்டுமல்ல, வம்பையே இழுத்துவிடலாம். வெளிநாட்டுச் சதி என்று பேசுபவனுக்கு வெளிநாட்டுக்காரனே சாட்சியாக வந்து நிற்கிற கதை. நைஜீரியாவின் கானோ மாநிலத்தில் 2003-இல் இதே மாதிரி சந்தேகத்தில் சொட்டு மருந்தை நிறுத்தினார்கள். மறுபடி தொடங்க 2004 ஜூலை ஆயிற்று. அதற்குள் அங்கிருந்து கிளம்பிய வைரஸ் பல நாடுகளுக்குப் போய்விட்டது. பாகிஸ்தானில் பின் லாடனைத் தேட அமெரிக்க உளவுத்துறை ஒரு போலித் தடுப்பூசி முகாமை நடத்திய விவரம் 2011-இல் வெளியானது. அதற்கான விலையைக் கொடுத்தவர்கள் உளவாளிகள் அல்ல. அடுத்த ஆண்டிலிருந்து சுட்டுக் கொல்லப்பட்ட உள்ளூர்ப் பணியாளர்கள், அதில் பலர் பெண்கள்.

மேற்கு உத்தரப் பிரதேசத்து மொராதாபாத் பக்கத்தில் எக்ஸை பியாக மாற்றியது யார்? யுனிசெஃப் ஏற்பாட்டில் அந்தந்தத் தெருவிலேயே தேர்ந்தெடுக்கப்பட்ட பெண்கள். பிறந்த குழந்தை முதல் கர்ப்பிணி வரை தெருவில் யார் யார் என்று நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்திருப்பவர்கள். இமாம்கள், வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் பின் மசூதி ஒலிபெருக்கியில் வந்த அறிவிப்பு. இங்கே ரோட்டரிக்கு உண்மையான பங்கு உண்டு, ஆனால் அது விருந்தினரின் பங்கு இல்லை. இந்திய ரோட்டரிக்காரர்கள் உலமாக்களை, அதாவது இஸ்லாமிய மார்க்க அறிஞர்களைக் கொண்ட குழுவை அமைத்து, அவர்கள் வாயால் பேச வைத்தார்கள். சொட்டுடன் சேர்த்து மற்ற நோய்களுக்கும் மருத்துவ முகாம் நடத்தினார்கள். ‘எங்களுக்கு வேறு எதுவும் தர மாட்டீர்களா’ என்ற கேள்விக்கு அதுதான் பதில். 2010 ஜனவரியில் இரண்டு வகை வைரஸுக்கு ஒரே சொட்டான புது மருந்து வந்தது. உத்தரப் பிரதேசத்திலும் பீகாரிலும் ஆபத்து மிகுந்த 107 ஒன்றியங்களைக் குறிவைத்துத் தண்ணீர், கழிப்பறை, வயிற்றுப்போக்கு என்று எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தார்கள்.

இந்தியாவில் முடங்கிய குழந்தைகள் 2009-இல் 741. 2010-இல் 42. 2011-இல் ஒன்றே ஒன்று: ஜனவரி 13 அன்று மேற்கு வங்கத்தின் ஹவுராவில் கால் முடங்கிய ஒரு பெண் குழந்தை. அதற்கப்புறம் இல்லை. 2014 மார்ச் 27 அன்று இந்தியா உள்ளிட்ட தென்கிழக்கு ஆசிய வட்டாரம் போலியோ இல்லாதது என்று சான்று கிடைத்தது.

சரி, வந்தவரால் ஆனது என்ன

மூன்று விஷயம் தேறுகிறது.

முதலாவது, அன்றைக்குத் தெருவில் நடந்தது. வெளிநாட்டு விருந்தினர் வருகிறார் என்றால் மாவட்ட அதிகாரி வருவார், நகராட்சி உறுப்பினர் வருவார், உள்ளூர்ப் பத்திரிகையில் படம் வரும். நூறாவது சுற்றில் சலித்துப்போய் நின்ற பணியாளருக்கு ஒரு நாள் கொஞ்சம் உயிர் வரும். உள்ளூர் கிளப்புக்கு அதிகாரிகள் முன்னால் மதிப்புக் கூடும். அடுத்த மாதம் உலமாக்களைக் கூட்டிப் பேச ஒரு மண்டபம் வேண்டுமென்றால் அந்த மதிப்பு உதவும்.

இரண்டாவது, திரும்பிப் போனபின் நடந்தது. அந்த ஆடிட்டர் தன் ஊர் கிளப்பின் மதிய உணவுக் கூட்டத்தில் படம் போட்டுப் பேசுவார். செயின்ட் ஸ்டீபன்ஸ் வார்டைச் சொல்லும்போது தொண்டை கட்டும். பணம் வரும். ரோட்டரி இதுவரை போலியோவுக்குக் கொடுத்தது 200 கோடி டாலருக்கு மேல். கேட்ஸ் அறக்கட்டளை, ரோட்டரி ஆண்டுக்குத் திரட்டும் 5 கோடி டாலர் வரை ஒவ்வொரு டாலருக்கும் இரண்டு டாலர் சேர்த்துத் தருகிறது. அதைவிட முக்கியம், இவர்கள் தங்கள் நாட்டு நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் போய், போலியோவுக்கு அரசுப் பணம் ஒதுக்கச் சொல்லி நச்சரித்தது. தங்கள் தெருவில் போலியோ எப்போதோ ஒழிந்துவிட்ட நாட்டில், தொண்ணூறுகளில் போய், இன்னும் இருபது வருடம் அதற்குக் காசு கொடு என்று கேட்க, நேரில் பார்த்தவனின் பேச்சு வேண்டியிருந்தது. விமான டிக்கெட் காசையே நேராக மருந்துக்குக் கொடுத்திருக்கலாமே என்று கேட்பவர்கள் இந்தக் கணக்கை விட்டுவிடுகிறார்கள்.

மூன்றாவதை நான் கடைசியில் வைக்கக் காரணம், அது மற்ற இரண்டைவிடப் பலவீனம்: கண்காணிப்பு. வந்தவர் எதையும் சரிபார்க்கவில்லை. சரிபார்த்தது வேறு ஏற்பாடு. திடீரென்று கை கால் துவண்ட ஒவ்வொரு குழந்தையின் மலமும் ஆய்வகத்துக்குப் போனது; சாக்கடைத் தண்ணீரும் போனது; சுற்று முடிந்தபின் சுயேச்சையாக ஆட்கள் போய்ச் சுண்டு விரல் மையை எண்ணினார்கள். பணம் கொடுத்தவரின் கண்ணை நம்பி எதுவும் விடப்படவில்லை.

அப்படி விட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தென்னாப்பிரிக்காவின் ‘பிளேபம்ப்’ கதை இருக்கிறது. குழந்தைகள் சுற்றும் ராட்டினத்தில் பம்பை இணைத்து, அவர்கள் விளையாட விளையாட நிலத்தடி நீர் மேல்தொட்டிக்கு ஏறும் என்பது யோசனை. 2000-இல் உலக வங்கியின் பரிசு. 2006-இல் அமெரிக்காவில் அதிபரின் மனைவி லாரா புஷ் மேடையேறி 1 கோடியே 64 லட்சம் டாலர் அறிவித்தார். 2010-க்குள் 4,000 பம்புகள் என்பது திட்டம். பள்ளிக்கூடங்களும் தேவாலயங்களும் தனி ஆட்களும் காசு கொடுத்தார்கள். போய்ப் பார்த்தவர்கள் பார்த்ததும் உண்மைதான்: குழந்தைகள் கும்மாளம் போட்டுச் சுற்றுகின்றன, தண்ணீர் கொட்டுகிறது.

மலாவியில் வேலை செய்த கனடாக்காரர் ஒருவர் கவனித்துச் சொன்னார்: கேமராவோடு ஒரு வெளிநாட்டுக்காரன் வந்து நின்றால் பிள்ளைகள் ஓடிவந்து ராட்டினத்தில் ஏறிக்கொள்கின்றன. மற்ற நாளில் அந்தக் கனத்த சக்கரத்தைத் தள்ளுவது பெண்கள். அதில் வயதானவர்களும் உண்டு. ஒரு குடம் நிரப்பச் சாதாரணக் கைப்பம்பைவிட அதிக நேரம். விலையோ பல மடங்கு, சுமார் 14,000 டாலர். அது வாக்களித்தபடி 2,500 பேருக்குத் தண்ணீர் தர வேண்டுமென்றால் குழந்தைகள் ஒரு நாளைக்கு 27 மணி நேரம் விளையாட வேண்டும் என்று கார்டியன் பத்திரிகை 2009-இல் கணக்குப் போட்டுக் காட்டியது. மொசாம்பிக்கில் பழுதாகி மாதக்கணக்கில் கிடந்த பம்புகளை ஒரு தொலைக்காட்சிச் செய்தியாளர் போய்ப் படம் எடுத்தார். அவரே சில ஆண்டுகளுக்கு முன் இதைப் புகழ்ந்து நிகழ்ச்சி செய்தவர். திரும்பிப் போய்ப் பார்த்து, தன் பழைய செய்தியைத் தானே திருத்தினார். அது சாதாரண விஷயமில்லை. முக்கிய நன்கொடையாளரான கேஸ் அறக்கட்டளையும் 2010-இல் தோல்வியை வெளிப்படையாக ஒப்புக்கொண்டது.

இதற்கு நேர் எதிர், நம் ஊர்த் தெருமுனை அடிபம்பு. ‘இந்தியா மார்க் 2’ என்று பெயர். யுனிசெஃபும் மத்திய அரசும் சென்னையிலிருந்த ரிச்சர்ட்சன் அண்ட் குருடாஸ் நிறுவனமும் சேர்ந்து உருவாக்கியது. எழுபதுகளில் கோயம்புத்தூர் மாவட்டக் கிராமங்களில் போட்டு, நாள் முழுக்க அடித்து, எது தேய்கிறது, எது உடைகிறது என்று பார்த்துத் திருத்தினார்கள். யாரும் அதைப் பார்த்துக் கும்மாளம் போட்டதில்லை. படம் எடுத்தால் சப்பென்றுதான் இருக்கும். ஆப்பிரிக்கக் கிராமங்களிலும் இன்று அது தண்ணீர் தருகிறது.

போலியோவில் வருகை பொய்யாகாததற்கும் தண்ணீரில் பொய்யானதற்கும் வித்தியாசம் வந்தவரின் நல்லெண்ணத்தில் இல்லை. சொட்டு விட்டால் விட்டதுதான், குழந்தை நடிக்க முடியாது. பம்பு அப்படியில்லை, இன்று ஓடுவது ஆறு மாதம் கழித்து ஓடுமா என்பதை எந்தத் திறப்பு விழாவிலும் பார்க்க முடியாது. ரோட்டரியே பின்னாளில் இதைப் புரிந்துகொண்டது என்று நினைக்கிறேன். இப்போது அதன் பெரிய நிதியைக் கேட்க வேண்டுமானால் திட்டம் நடக்கும் நாட்டில் ஒரு கிளப், வெளியில் ஒரு கிளப் என்று இரண்டும் சேர வேண்டும். ஊருக்கு என்ன தேவை என்று ஊரைக் கேட்டு எழுதிய மதிப்பீடும் வேண்டும்.

யாத்திரை

2014-க்குப் பிறகும் வெளிநாட்டு ரோட்டரிக்காரர்கள் போலியோ நாளுக்கு இந்தியா வந்துகொண்டிருக்கிறார்கள். அண்டை நாட்டில் வைரஸ் இருக்கும்வரை இங்கே சொட்டு தொடர வேண்டும், அது சரி. ஆனால் வருகையின் குணம் மாறிவிட்டது. சுவரில் எக்ஸ் இன்னும் எழுதுகிறார்கள், அதற்குப் பின்னால் பழைய பயம் இல்லை. இது இனி ஆய்வுமில்லை, போராட்டமுமில்லை, யாத்திரை. யாத்திரை போவதில் என்ன குற்றம்? ஒன்றுமில்லை, அப்படிச் சொல்லிக்கொண்டு போனால்.

குற்றம் வேறு இடத்தில் நடந்தது, முதல் சொட்டு விழுந்த நாட்டிலேயே. பிலிப்பைன்ஸ் 2000-இல் போலியோ இல்லாத நாடானது. அதற்குமேல் அங்கே பார்க்க ஒன்றுமில்லை என்று உலகத்தின் கண் வேறு பக்கம் திரும்பியது. வழக்கமான தடுப்பூசி வேலை கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது. 2016-இல் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கத் தொடங்கிய டெங்கு தடுப்பூசி, ஏற்கெனவே டெங்கு வராதவர்களுக்கு ஆபத்தைக் கூட்டலாம் என்று அதன் தயாரிப்பாளரே 2017 கடைசியில் அறிவிக்க, நாட்டில் பெரும் கொந்தளிப்பு. எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் அதைப் போட்டிருந்தார்கள். அந்தக் கோபம் எல்லாத் தடுப்பூசி மேலும் பாய்ந்தது. 2019-இல் முதலில் தட்டம்மை வெடித்தது. செப்டம்பர் 19 அன்று அரசு போலியோ திரும்பிவிட்டதாக அறிவித்தது. முதல் குழந்தை தெற்கே லனாவோ தெல் சூர் மாகாணத்தைச் சேர்ந்த மூன்று வயதுப் பெண். மணிலாவின் சாக்கடை நீரிலும் வைரஸ் இருந்தது. இது இயற்கையில் பரவிய பழைய வைரஸ் இல்லை. சொட்டு மருந்தில் இருக்கும் பலமிழந்த வைரஸ், மருந்து போதிய அளவு எட்டாத குழந்தைகளிடையே நீண்ட காலம் சுற்றிச் சுற்றித் திரும்பப் பலம் பெற்றது.

மறுபடி சுற்றுகள் தொடங்கின. நடுவில் கொரோனா வந்து நிறுத்தியது. 2020 ஜூலையில் தெற்கே மிண்டனாவோ தீவில் மீண்டும் கிளம்பினார்கள். அந்த மாதங்களில் நாடு வெளிநாட்டுப் பயணிகளுக்கு மூடிக் கிடந்தது. முதல் சொட்டை விட எந்தத் தலைவரும் வரவில்லை. கிராமச் சுகாதாரப் பணியாளர்கள் முகக்கவசமும் கண்ணாடித் தடுப்பும் மாட்டிக்கொண்டு, மருந்துப் பெட்டியைத் தோளில் போட்டு, வாசல் வாசலாகப் போனார்கள். 2021 ஜூனில் பரவல் முடிந்தது என்று அறிவித்தபோது, முடங்கிய குழந்தைகள் 17 பேர்.